ரிசர்வ் வங்கி வட்டியை மாற்றினால் நம் கடன் வட்டி மாறுமா?



"ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியைக் கால் சதவீதம் குறைத்தது" என்று வானொலியில் கேட்கிறீர்கள். மறுவாரம் வங்கிக்குச் சென்றால் பயிர்க்கடன் வட்டி அப்படியே இருக்கிறது. இது ஏன் என்று பயிற்சிக்கு வரும் உழவர்கள் பலர் கேட்கின்றனர். உழவியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று எண்ண வேண்டாம். உரச்செலவோடு வட்டிச்செலவையும் சேர்த்தால்தானே சாகுபடிக் கணக்கு சரியாகும்!

அரசு தன் வரவுக்கு மேல் செலவிடும்போது கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டுகிறது. வங்கிகள் இவற்றைப் பெருமளவில் வாங்குகின்றன. அவசரத்திற்குப் பணம் தேவைப்பட்டால், நாம் நகையை அடகு வைப்பதுபோல, இப்பத்திரங்களை ரிசர்வ் வங்கியில் ஈடு வைத்துக் குறுகிய காலக் கடன் பெறுகின்றன. அக்கடனின் வட்டியே ரெப்போ வட்டி ஆகும். விலைவாசி ஏறினால் இதனை உயர்த்துவர். தொழில் மந்தமானால் குறைப்பர். 2020 மே மாதத்தில் 4 சதவீதமாகக் குறைக்கப்பட்ட இவ்வட்டி, 2022 மே முதல் படிப்படியாக உயர்ந்து 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதமாயிற்று. 2025 டிசம்பரில் 5.25 சதவீதமாகக் குறைந்தது.

வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். ஆண்டுக்கு 7 ரூபாய் தரும் 100 ரூபாய்ப் பத்திரம் ஒன்று முதிர்வடைய இன்னும் 10 ஆண்டுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். புதிய பத்திரம் 8 ரூபாய் தருமானால் பழையதை 100 ரூபாய்க்கு யார் வாங்குவர்? ஏறக்குறைய 93 ரூபாய்க்கே விலைபோகும். அரசுக்கே 8 சதவீதத்தில் கடன் கிடைக்கும்போது மற்றவர்களுக்கு அதனினும் கூடுதலாகத்தான் இருக்கும். டிராக்டர், கறவை மாடு ஆகியவற்றுக்கு மாறும் வட்டியில் கடன் பெற்றவர்களை இது நேரடியாகத் தாக்கும். பல சமயம் தவணைத் தொகை மாறாது, தவணைகளின் எண்ணிக்கை கூடிவிடும். எனவே கையொப்பமிடுமுன் மாறும் வட்டியா, நிலையான வட்டியா என்று கேட்டறிதல் வேண்டும்.

பயிர்க்கடனின் கதை வேறு. உழவர் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி. அதற்காக வங்கிக்கு மத்திய அரசு மானியம் தருகிறது. ஆகவேதான் ரெப்போ மாறினாலும் இது அசைவதில்லை. கெடு தவறாமல் செலுத்துவோருக்கு மேலும் 3 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஓராண்டுக்கு 1 லட்சம் ரூபாய் கடனில் கால் சதவீதம் என்பது 250 ரூபாய். கெடுவைத் தவறவிட்டால் இழக்கும் தள்ளுபடியோ 3,000 ரூபாய். அறுவடை தள்ளிப்போகும் பருவத்தில் கடன் வாங்கும்போதே கெடு நாளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.