லைஃப் கோச்: பதில் சொல்பவரா, கேள்வி கேட்பவரா?

சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்க்கும் 31 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பெங்களூருவில் டீம் லீட் பதவி, இப்போது வாங்குவதைவிட நல்ல சம்பளம், ஆஃபர் லெட்டர் மெயிலில் கிடக்கிறது. பதில் சொல்ல பத்து நாள் அவகாசம். கரூரில் இருக்கும் அப்பாவுக்குப் போன மாதம்தான் ஆஞ்சியோ முடிந்திருக்கிறது. “ரெண்டு வருஷம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும், கிளம்புடி” என்கிறார் தோழி. “அப்பாவ இந்த நிலைமையில விட்டுட்டா போவ?” என்கிறார் சித்தி. “இங்கேயே இரு, அடுத்த அப்ரைசல்ல பார்த்துக்கலாம்” என்கிறார் மேனேஜர். எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கிறது. அவரிடம்தான் இல்லை.

சரியாக இந்த நேரத்தில் இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் எட்டிப் பார்க்கும்: ‘வாழ்க்கைல குழப்பமா? ஒரே மணி நேரத்தில் தெளிவு!’ பெயருக்குக் கீழே ‘லைஃப் கோச்’ என்று இருக்கும்.

யார் இவர்? காசு கொடுத்து இவரிடம் போகலாமா?

நம்ம ஊரில் கோச்சிங் என்றால் நீட், டி.என்.பி.எஸ்.சி.; கோச் என்றால் மைதானத்தில் விசிலோடு நிற்பவர். லைஃப் கோச்சின் பூர்வீகமும் ஒருவகையில் மைதானம்தான். அமெரிக்காவில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்த டிமோதி கால்வே, ‘கையை இப்படி வை, காலை அப்படி வை’ என்று கட்டளைகளை அடுக்குவதைக் குறைத்தபோது மாணவர்கள் இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்வதைக் கவனித்தார். பந்து எங்கே விழுகிறது என்று அவர்களையே கவனிக்கச் சொன்னார். 1974-ல் இதைப் புத்தகமாக எழுதினார். விளையாட்டுக்காரர்கள் மட்டுமல்ல, நிறுவன அதிகாரிகளும் அதை ஆர்வமாகப் படித்தார்கள். பிரிட்டனில் முன்னாள் கார் பந்தய வீரர் ஜான் விட்மோர் இதை அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார். நிதி ஆலோசகராக இருந்து கோச்சிங்குக்கு வந்த தாமஸ் லியோனார்ட், 1995-ல் ஐ.சி.எஃப். எனப்படும் சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கினார். இன்று இந்தியாவிலும் பல கோச்சுகள் சான்று பெறுவது அந்த அமைப்பிடம்தான்.

உள்ளே என்ன நடக்கும்?

முதல் சந்திப்பில் பலருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். நம் ஓ.எம்.ஆர். பெண் கேட்பார்: “சொல்லுங்க, நான் போகவா, வேண்டாமா?” அந்தப் பக்கத்திலிருந்து வருவது: “நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“அது தெரியாமத்தானே காசு கட்டி உங்ககிட்ட வந்திருக்கேன்!”

கோபம் நியாயமானதுதான். ஆனால் முறையாகப் பயிற்சி பெற்ற கோச் ‘போ’ என்றோ ‘இரு’ என்றோ சொல்ல மாட்டார். விட்மோரின் புத்தகத்தால் பிரபலமான ஒரு நான்கு கட்ட முறை இருக்கிறது. உனக்கு என்ன வேண்டும், இப்போது நிலவரம் என்ன, என்னென்ன வழிகள் இருக்கின்றன, இதில் எதை எப்போது செய்யப்போகிறாய். கேட்க ரொம்பச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. விஷயமெல்லாம் இரண்டாவது கட்டத்தில் இருக்கிறது.

“அப்பாவைப் பார்த்துக்கணும்னு சொன்னீங்க. இப்ப வாரத்துல எத்தனை நாள் பார்க்கிறீங்க?”

“மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போவேன்.”

“பெங்களூரு போனா?”

“அதே மாசத்துக்கு ஒரு தடவைதான்…”

“இந்த ஆஃபரைப் பத்தி அப்பா என்ன சொல்றார்?”

இதற்குத்தான் அவரிடம் பதில் இருக்காது. தோழியிடம், சித்தியிடம், மேனேஜரிடம் எல்லாம் பேசியாயிற்று. அப்பாவிடம் மட்டும் இன்னும் சொல்லவே இல்லை. அந்தச் சந்திப்பு ‘ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பாவிடம் பேசுகிறேன்’ என்ற ஒற்றை முடிவோடு முடியலாம். பெங்களூருவா சென்னையா என்பது அப்படியே நிற்கும். ஆனால் இத்தனை நாள் முட்டிக்கொண்டிருந்த இடம் எது என்று இப்போது தெரிந்துவிட்டது.

இதை ஒரு நல்ல நண்பர் செய்ய மாட்டாரா? செய்வார், அப்படி ஒருவர் இருந்தால். சிக்கல் என்னவென்றால், நம்மைச் சுற்றி இருப்பவர்களுக்கு நம் முடிவில் பங்கு இருக்கிறது. நாம் போய்விட்டால் மேனேஜருக்கு ஆள் குறையும். சித்திக்கு நம் அப்பாவைப் பற்றிய கவலை. நம் முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒருவர் ஒரு மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்பதற்குத்தான் இங்கே கட்டணம்.

பலன் உண்டா என்று ஆராய்ந்தும் இருக்கிறார்கள். 2014-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வேலைத்திறன், மனநலம், நெருக்கடியைச் சமாளிப்பது, இலக்கை நோக்கித் தன்னை நடத்திக்கொள்வது ஆகியவற்றில் கோச்சிங் உதவுவதாகத் தெரிந்தது. ஆனால் அவை பணியிடச் சூழலில் நடந்த கோச்சிங் பற்றியவை. ரீல்ஸில் விற்கும் ‘ஏழு நாளில் வாழ்க்கையை மாற்று’ வகுப்புக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

போகக் கூடாத நேரம்

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றுகிறது என்றால், அது கோச் கையாள வேண்டிய விஷயமே அல்ல. மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோதான் பார்க்க வேண்டும். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைத் தயங்காமல் கேட்கலாம். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

நேர்மையான கோச், இப்படி ஒருவர் வந்தால் தானே மருத்துவரிடம் அனுப்பிவைப்பார். ‘அதெல்லாம் மைண்ட்செட் மேட்டர், நான் சரி பண்றேன்’ என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவது உடம்புக்கும் பர்ஸுக்கும் நல்லது.

யார் வேண்டுமானாலும் கோச்சா?

ஆமாம். இதுதான் இந்தத் தொழிலின் பெரிய ஓட்டை. மருத்துவர் என்று போர்டு மாட்ட மருத்துவ கவுன்சில் பதிவு வேண்டும், வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் பதிவு வேண்டும். லைஃப் கோச் என்று போட்டுக்கொள்ள இந்தியாவில் எந்த உரிமமும் தேவையில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு திங்கள்கிழமை முதல் ‘சர்டிஃபைடு கோச்’ ஆகிவிடலாம். தடுக்க ஆளில்லை.

ஐ.சி.எஃப். சான்றும் அரசு உரிமம் அல்ல. ஆனால் அதற்கு ஓர் அளவு இருக்கிறது. அதன் முதல் நிலையான ஏ.சி.சி.க்கே குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும், வாடிக்கையாளர்களுடன் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். அடுத்த நிலையான பி.சி.சி.க்கு 125 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேர அனுபவம். ஒருவரிடம் உண்மையிலேயே அந்தச் சான்று இருக்கிறதா என்பதை அந்த அமைப்பின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். ‘ஐ.சி.எஃப். அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்தவர்’ என்பதும் ‘ஐ.சி.எஃப். சான்று பெற்றவர்’ என்பதும் வேறு வேறு. விளம்பரங்களில் இந்த வித்தியாசம் வசதியாகக் காணாமல் போய்விடும்.

பணம் கட்டுவது என்று முடிவாகிவிட்டால், எத்தனை சந்திப்பு, மொத்தம் எவ்வளவு, பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப் மெசேஜ், மெயில் இருந்தாலும் போதும், அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். காசு கொடுத்துப் பெறும் சேவை என்பதால் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகார் செய்ய முடியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ‘இன்னிக்கு நைட் 12 மணிக்குள்ள கட்டினா பாதி விலை’ என்று அவசரப்படுத்துபவர், நிதானமாக முடிவெடுக்க எப்படிக் கற்றுத்தருவார் என்பதையும் யோசித்துக்கொள்ளலாம்.

பல கோச்சுகள் முதலில் ஒரு சிறு அறிமுகச் சந்திப்பை இலவசமாகவே வைக்கிறார்கள். அதில் இரண்டு விஷயங்கள் கேட்டால் போதும்: “நான் சொல்றது வெளியே போகாம எப்படிப் பார்த்துக்குவீங்க?” “எந்த மாதிரி ஆட்களை நீங்க எடுத்துக்க மாட்டீங்க?” இரண்டாவதுக்கு, “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, யாரா இருந்தாலும் ஓகே, முதல்ல ஸ்லாட் புக் பண்ணிடுங்க” என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம்.