மஞ்சள் பெட்டிக்காரர்களின் மலை நாடு

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது திட்டிக்கொண்டிருக்காமல் முதுகிலுள்ள பெட்டிகளைப் பாருங்கள். மஞ்சள் பெட்டியில் கொட்டை எழுத்தில் 'எம்எஸ்சி' என்றிருந்தால், அது உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனத்துடையது. தலைமையகம் ஜெனீவா! ஆமாம், சொட்டுக் கடல்கூட இல்லாத சுவிட்சர்லாந்து! எண்ணூர் காமராஜர் துறைமுகத்தின் அதானி கன்டெய்னர் முனையத்தில் 49 சதவீதப் பங்கை வாங்க, 2023 டிசம்பரில் இந்தக் குழுமம் ஒப்பந்தமும் போட்டது. ஆக, திருவொற்றியூர்க்காரருக்கு சுவிஸ் சொந்தக்கார ஊர்தான். விசாக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஷெங்கன் விசா கட்டாயம். ஆனால் அந்நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, பணம் ஃபிராங்க்.

பனியில் மெல்லிய புடவையோடு ஆடும் சினிமா சுவிஸை விடுங்கள். திரைக்குப் பின்னால் போனால்தான் குஷியே! முதலில் ரயில் நிலையக் கடிகாரம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயிலை அனுப்பிவைத்த ராயபுரத்துக்காரர்கள் இதைப் பார்த்தே ஆக வேண்டும். சிவப்பு விநாடி முள் சுமார் 58.5 விநாடிகளில் சுற்றை முடித்துவிட்டு, 12-ல் வந்து சும்மா நிற்கும். தலைமைக் கடிகாரத்திலிருந்து மின் சைகை வந்ததும் நிமிட முள் 'டக்'கென்று ஒரு தாவு தாவும். சிவப்பு முள் மறுபடி கிளம்பும். எல்லா நிலையங்களும் ஒரே நிமிடத்தைக் காட்டவே இந்த ஏற்பாடு. 1944-ல் பொறியாளர் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் வடிவமைத்த கடிகாரம் இது. ரயிலைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நிமிடம் நின்று பாருங்கள்!

ஆட்சி மொழிகள் நான்கு: ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ். ரயில் பெட்டியில் நிறுவனத்தின் பெயர் முதல் மூன்றில் இருக்கும். ரோமான்ஷுக்கு ரூபாய் நோட்டில்... மன்னிக்கவும், ஃபிராங்க் நோட்டில் இடம் உண்டு. சூரிச்சில் ஜெர்மன் கேட்டு ஏறியவர் ஜெனீவாவில் பிரெஞ்சு கேட்டு இறங்குவார். பல மொழிகள் புழங்கும் மிண்ட் தெருவில் மாதச் சாமான் வாங்கிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

அப்புறம் சமையலறை. 1980-களில் போர் துரத்த வந்த ஈழத் தமிழர் பலருக்கு அங்கே முதலில் கிடைத்தது உணவக அடுக்களை வேலைதான். இன்று தலைநகர் பெர்னில், மசூதியும் தேவாலயமும் இருக்கும் 'மதங்களின் இல்லம்' என்ற ஒரே கட்டடத்துக்குள் சிவன் கோயிலும் இருக்கிறது. ஐந்தாவது மொழி வேண்டுமென்றால் அங்கே போய் 'வணக்கம்' சொல்லுங்கள்.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு கொட்டாதீர்கள். நம்மூர் மெல்லிய இரண்டு முள் சார்ஜர் பெரும்பாலும் பொருந்தும். தடித்த மூன்று முள் பிளக் பொருந்தாது. 3,454 மீட்டர் உயரத்திலிருக்கும் யுங்ஃப்ராவ்யோக் நிலையத்துக்கு மே மாதமானாலும் ஸ்வெட்டரோடு போங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கி வைத்துவிடுங்கள். மறந்தால் பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கதி.