மென்று விழுங்க முடியாத குழந்தையின் மதிய உணவு

திருப்பூர் நல்லூர்ப் பகுதியில் காலை எட்டு மணிக்கெல்லாம் பெற்றோர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அதனால் எங்கள் குழந்தைகள் பலருக்குக் காலை உணவும் மதிய உணவும் பள்ளியில்தான். மூன்றாண்டுகளுக்கு முன் மூன்றாம் வகுப்பில் என்னிடம் மூளை முடக்குவாதம் உள்ள மாணவன் ஒருவன் சேர்ந்தான். பாடத்தில் கெட்டிக்காரன். ஆனால் மதிய மணி அடித்தால் முகம் வாடிவிடும். அவனுடைய அப்பத்தா தூக்குப்போசியில் கஞ்சியோடு வாசலில் காத்திருப்பார்.

“டீச்சருங்க, அவனுக்குக் கஞ்சியத் தவிர ஒண்ணும் எறங்காதுங்க. சோறு குடுத்தா பொறையேறிக்குதுங்க” என்பார்.

ஒருநாள் அப்பத்தா வரவில்லை. நானே சாம்பார் சாதம் ஊட்டினேன். இரண்டாவது வாயிலேயே புரையேறியது. பதறிப்போய் டம்ளர் தண்ணீரை வாயில் வைத்தேன். இருமல் இன்னும் கூடியது. கண்கள் சிவந்து மூச்சு வாங்கினான். நான் செய்தது முழுக்கத் தவறு என்பதை, மறுவாரம் வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்பாசிரியர் சொன்ன பிறகுதான் அறிந்தேன். பி.எட். படிப்பில் இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தொண்டையில் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் அடுத்தடுத்து இருக்கின்றன. விழுங்கும் நொடியில் மூச்சு நின்று, குரல்வளை மேலெழுந்து, மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். தசைகளின் ஒத்திசைவு குறைந்த குழந்தைக்கு இந்த மூடல் சற்றுத் தாமதமாகும். தண்ணீர் வேகமாக ஓடுவதால், மூடுவதற்குள் உள்ளே இறங்கிவிடும். ஆகவே நாம் எளிது என்று நினைக்கும் தண்ணீரும் ரசமும்தான் இவர்களுக்கு மிகக் கடினம். ரசம் சாதம் இன்னும் மோசம். மெல்ல வேண்டிய சோறு வாயில் நிற்க, நீர் மட்டும் முன்னால் ஓடும். அவன் இருமியதும் இதனால்தான். மேலும் தண்ணீர் கொடுத்து நான் அதைக் கூட்டினேன்.

இருமுகிற குழந்தையாவது நமக்குத் தெரியும். சில குழந்தைகள் இருமாமலேயே உணவு நுரையீரலுக்குப் போகும். சாப்பிட்ட பின் குரல் கரகரவென்று ஈரமாக ஒலிப்பது, கண்ணில் நீர் வருவது, ஒருவேளை உணவுக்கு அரைமணிக்கு மேல் ஆவது, அடிக்கடி சளியும் காய்ச்சலும் வருவது, எடை கூடாமலிருப்பது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டியவர்கள் நாமே. வருகைப் பதிவேட்டில் ‘காய்ச்சல்’ என்று மாதாமாதம் எழுதும்போது ஒருமுறை யோசிக்கலாம். இத்தகைய குழந்தையைப் பள்ளி நலப் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டி, பேச்சுப் பயிற்சியாளரின் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பதத்தில் உணவு தரலாம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பதம் என்பதற்கு இப்போது உலகளவில் 0 முதல் 7 வரை படிநிலைகள் வகுத்திருக்கிறார்கள். 0 என்பது தண்ணீர். 7 என்பது நாம் உண்ணும் சாதாரண உணவு. எங்கள் மாணவனுக்குச் சொல்லப்பட்டது 5. அதாவது மசித்து, ஈரமாக, குழந்தைகளுக்கு 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேற்படாத துணுக்குகளாக. முள்கரண்டியால் அழுத்தினால் எளிதாக நசுங்க வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் ஒட்டாமல் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும். அதைச் சுற்றித் தண்ணீர் தனியாகப் பிரியக் கூடாது. ஆய்வகம் எதுவும் வேண்டாம், ஒரு ஸ்பூன் போதும்.

பிறகுதான் சத்துணவுக் கூடத்தையே வேறு கண்ணால் பார்த்தேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் வரும் பொங்கலும் ரவை கிச்சடியும் ஏறக்குறைய அவனுக்கேற்ற பதம்தான். காய்த் துண்டுகளை மசித்து, கெட்டியான பருப்பைச் சேர்த்தால் முடிந்தது. மதியம் வரும் முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. அதை அவன் இழந்துகொண்டிருந்தான். மஞ்சள் கரு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டும், வெள்ளைக் கரு ரப்பர் போல வழுக்கும். இரண்டையும் பொடியாக மசித்துக் கெட்டித் தயிரிலோ பருப்பிலோ குழைத்தால் பிரச்சினை தீர்ந்தது. கொண்டைக்கடலை போன்ற முழுப்பயறு மட்டும் வேண்டாம்; தோல் நீக்கி அரைத்தால் தரலாம். சமையலர் அக்கா முதலில் “ஒருத்தனுக்குத் தனியாவா?” என்று சலித்துக்கொண்டார். தனிச் சமையல் இல்லை, அதே சோற்றை ஒரு கரண்டி எடுத்து மத்தால் மசிப்பதுதான் என்று காட்டியதும் அவரே செய்யத் தொடங்கினார்.

அப்பத்தாவின் கஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்பில் குறையில்லை, ஆனால் ஒரு போசிக் கஞ்சியில் பாதிக்கு மேல் தண்ணீர். சிறிய வயிறு அதிலேயே நிறைந்துவிடும். அரைக்கும்போது தண்ணீருக்குப் பதில் பால், பருப்பு, தயிர் சேர்க்கலாம். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ சேர்த்தால் அளவு கூடாமல் 40 கலோரிக்கு மேல் கூடும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் உண்டு. கெட்டியாகக் கிண்டிய கேழ்வரகுக் கூழ் நல்ல உணவு. களி வேண்டாம், தொண்டையில் ஒட்டும்.

ஊட்டும் முறையும் பதத்துக்குச் சமமாக முக்கியம். முதுகு நிமிர்ந்து, பாதம் தரையிலோ பலகையிலோ பட, தாடை சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். நாம் நின்றுகொண்டு ஊட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்கும். அண்ணாந்தால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். எதிரே, அதே உயரத்தில் உட்காருங்கள். அரைத் தேக்கரண்டி, விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்தது. சிரிக்கவைக்காதீர்கள், கேள்வி கேட்காதீர்கள். முடிந்ததும் அரைமணி நேரம் படுக்கவிடாதீர்கள். புரையேறினால் இருமவிடுங்கள், தண்ணீர் வேண்டாம். இருமவோ பேசவோ முடியாமல் திணறினால் முன்னே சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை ஓங்கித் தட்டி, சரியாகாவிட்டால் தொப்புளுக்குச் சற்று மேலே பின்னிருந்து கட்டி 5 முறை உள்நோக்கி மேலாக அழுத்தி, மாறி மாறிச் செய்துகொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள்.

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒன்று. பாக்கு, குட்கா மெல்லும் மாணவன் காரமான உணவை ஒதுக்கினாலோ, மூன்று விரல் நுழையும் அளவு வாய் திறக்க முடியாமல் போனாலோ அது அடம் அல்ல. வாயின் உட்சவ்வு இறுகும் நோயின் அறிகுறியாக இருக்கலாம், புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா தடை செய்யப்பட்டிருந்தும் இந்தப் பழக்கம் போகவில்லை. கண்டிப்பதற்கு முன் பல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அந்த மாணவன் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது மூன்று கிலோ கூடியிருந்தான். தண்ணீரைக் கெட்டித்தன்மை சேர்த்து, ஸ்பூனில்தான் குடித்தான். அப்பத்தா போசியைக் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. அதில் கஞ்சிக்குப் பதில் தயிர் இருந்தது, முட்டைக்கு.