கோணல் பேனா, நேர்த்தியான எழுத்து

கடைந்தெடுத்த மரக்கட்டை, ஒரு துண்டு பித்தளை, ஒரு எஃகு நிப். பழைய ஆங்கிலச் சரிவெழுத்து இவற்றின் தயவில் திரும்ப வந்திருக்கிறது. ஆனால் புனேவின் சொந்தச் சாய்முனைப் பேனா எழுதிவைத்ததைப் படிக்கத்தான் இப்போது ஆட்களைத் தேட வேண்டியிருக்கிறது.

ஒரு எழுத்து ஒரு ஆளைக் கொன்ற கதை புனேவில் எல்லோருக்கும் தெரியும். 1773 ஆகஸ்ட் 30 அன்று சனிவார் வாடா அரண்மனையில் பேஷ்வா நாராயண ராவ் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 18. அவரைப் 'பிடி' என்று சித்தப்பா ரகுநாத ராவ் காவலர்களுக்கு எழுதிய கடிதத்தில், சித்தி ஆனந்திபாய் ஒரே ஒரு எழுத்தைத் திருத்தி 'கொல்' என்று ஆக்கிவிட்டார் என்பது ஊர் வழக்கு. 'தராவே' என்ற சொல் 'மாராவே' ஆயிற்று. இதற்குச் சரித்திரச் சான்று உண்டா என்பது வேறு விஷயம். ஆனால் ஒருவர் சொன்னதைத் திரித்துச் சொன்னால், மராத்தியில் இன்றும் 'த'வை 'மா' ஆக்கிவிட்டான் என்றுதான் சொல்கிறார்கள்.

பேனாவின் ஒரு இழுப்புக்கு இவ்வளவு கனம் இருந்த ஊர் இது. அப்பா பல்வந்த் சௌக்கின் புத்தகக் கடைகளிலும் எழுதுபொருள் கடைகளிலும் கூட்டம் இன்னும் குறையவில்லை. கையெழுத்துக் கலை பழகுகிறவர்களின் மேஜைகளில் இப்போது ஒரு விநோதமான பேனா இடம்பிடித்திருக்கிறது. முதன்முதலாகப் பார்ப்பவருக்கு அது உடைந்துபோன பேனா போலத் தெரியும். நிப் கட்டையின் நுனியில் இல்லை. நுனிக்குச் சற்று முன்பாக, கட்டையின் இடது பக்கத்திலிருந்து ஒரு சிறு பித்தளை இறக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இறக்கையில்தான் நிப் செருகப்பட்டிருக்கிறது, அதுவும் வலது பக்கம் திரும்பியபடி. மையும் உள்ளே கிடையாது. பாட்டனார் காலத்துக் கட்டைப் பேனாவைப் போல மைக்கூட்டில் தொட்டுத் தொட்டுத்தான் எழுத வேண்டும்.

இந்தக் கோணலுக்குக் காரணம் இருக்கிறது. அது புரிய வேண்டுமானால் பள்ளிக்கூடத்து நாலு கோடு நோட்டை நினைத்துக்கொள்ள வேண்டும். அதில் குழந்தைகள் எழுதிப் பழகும் சரிந்த ஆங்கில எழுத்து, 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தின் எழுத்து ஆசான்கள் வளர்த்த 'காப்பர்பிளேட்' எழுத்தின் பேரப்பிள்ளை. தாத்தாவிடம் இருந்த ஒரு அழகு பேரனிடம் இல்லை. காப்பர்பிளேட்டில் மேலே போகும் கோடு மயிரிழைபோல் மெலிந்திருக்கும். கீழே இறங்கும் கோடு தடித்திருக்கும். பால்பாயிண்ட் பேனாவால் இது ஆகாது. கூர்முனை நிப் மட்டுமே இதைச் செய்யும். அந்த நிப்பின் நடுவே ஒரு பிளவு உண்டு. கீழே இறங்கும்போது லேசாக அழுத்தினால் பிளவு விரிந்து மை அகலமாக வழியும். அழுத்தத்தை விட்டால் பிளவு மூடிக்கொள்ளும், கோடு மெலியும்.

சிக்கல் இங்கேதான். காப்பர்பிளேட் எழுத்து அடிக்கோட்டிலிருந்து சுமார் 55 டிகிரி கோணத்தில் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நிப்பும் அதே கோட்டில் படுத்தால்தான் அதன் இரு பற்களும் சமமாக விரியும். ஆனால் வலது கைக்காரர் இயல்பாகப் பேனா பிடித்தால் நிப் இடப்பக்கம் பார்க்கும். நேரான கட்டையில் எழுதுபவர் மணிக்கட்டை முறுக்கிக்கொள்ள வேண்டும், அல்லது தாளை வெகுவாகத் திருப்பி வைக்க வேண்டும். தவறினால் ஒரு பல் மட்டும் தாளைக் கீறும், மை தெறிக்கும். கை முறுக வேண்டிய கோணத்தைக் கட்டையே முறுகி ஏற்றுக்கொள்வதுதான் சாய்வுப் பேனாவின் தந்திரம். இடது கைக்காரர்களுக்கோ நிப் ஏற்கெனவே சரியான திசையைப் பார்ப்பதால் நேரான கட்டையே பெரும்பாலும் போதும்.

இந்த யோசனை புதிதல்ல. 1831-ல் லண்டனில் சாம்சன் மார்டன், வில்லியம் பிராக்கெடன் இருவரும் சாய்வு நிப்புக்குக் காப்புரிமை பெற்றார்கள். அது எஃகு நிப் உலகைப் பிடித்துக்கொண்ட காலம். ஜோசப் கில்லட், ஜோசையா மேசன் போன்றவர்களின் ஆலைகளால் பர்மிங்காம் நகரம் உலகத்துக்கே நிப் சப்ளை செய்தது. நம் நாட்டுக் கச்சேரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வந்தவை அந்த நிப்புகள்தான். அமெரிக்காவில் பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் (1800-1864) உருவாக்கிய ஸ்பென்சீரியன் எழுத்து வியாபாரக் கணக்கர்களின் கையெழுத்தாயிற்று. 1886-ல் உருவான கோகோ கோலாவின் பெயர்ப் பலகை எழுத்து அந்தப் பாணிதான். ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 1888-ல் தொடங்கிய ஸேனேரியன் கல்லூரி, எழுத்து ஆசான்களை உருவாக்கும் தொழிற்கூடமாகவே இருந்தது. அந்த எழுத்தர்களின் கையில் சாய்வுக் கட்டை அன்றாடக் கருவி.

பிறகு டைப்ரைட்டர் வந்தது, ஃபவுண்டன் பேனா வந்தது, பால்பாயிண்ட் வந்தது. அழகாக எழுதுவது வேலைக்குத் தேவையில்லாமல் போயிற்று. கட்டைகளைக் கடைந்தவர்கள் கடையை மூடினார்கள். கூர்முனை நிப்பை முற்றாகச் சாகவிடாமல் காப்பாற்றியவர்களில் ஜப்பானின் படக்கதை ஓவியர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. அவர்கள் 'ஜி' நிப் என்ற கெட்டியான நிப்பால் வரைந்தார்கள். நிக்கோ, ஸீப்ரா நிறுவனங்கள் அதைச் செய்துகொண்டே இருந்தன. இன்று காப்பர்பிளேட் பழகும் புதியவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இந்த நிப்பைத்தான். திருமண அழைப்பிதழ்களும், உறைமேல் கையால் முகவரி எழுதித் தரும் சிறு தொழிலும், கணினித் திரையில் ஓடும் எழுத்துப் பாடங்களும் சேர்ந்து பழைய எழுத்துக்குப் புதிய வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தன.

வாடிக்கையாளர் வந்தார், கட்டை எங்கே? பிளாஸ்டிக் வார்ப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் எல்லா நிப்பும் ஒரே பருமன் அல்ல. ஜப்பானிய ஜி நிப்பின் அடிவளைவு பெரியது. கில்லட் 303 அதைவிடச் சிறியது. ஒரே வார்ப்பில் இரண்டையும் செருகினால் ஒன்று இறுகும், மற்றொன்று ஆடும். ஆடும் நிப் நடுங்கும் கையைவிட மோசம். ஆகவேதான் அமெரிக்கா முதல் பிலிப்பைன்ஸ் வரை, இந்தியாவிலும்கூட, இந்தக் கட்டை மறுபடியும் கைவேலையாயிற்று.

வேலை பார்ப்பதற்கு எளிது. தேக்கு, ஈட்டி, சீஷம், கருங்காலி என்று நன்கு உலர்ந்த ஏதேனும் ஒரு மரம். லேத்தில் கடைந்து, விரல் பிடிக்கும் இடத்தில் மட்டும் சற்றுப் பருத்தும் வால் பக்கம் மெலிந்தும் வர வேண்டும். வால் கனத்தால் பேனா பின்னால் சாயும், நாலு வரி எழுதுவதற்குள் விரல் வலிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகேற்றியபின் முன்பக்கத்தில் மெல்லிய ரம்பத்தால் ஒரு பிளவு. அதற்குள் அரை மில்லிமீட்டர் அளவுள்ள பித்தளைத் தகட்டை வெட்டி, குறடால் வளைத்து, நிப்பின் முதுகு கச்சிதமாக உட்காரும்படி சுருட்டிச் செருகி ஆணி அறைகிறார்கள்.

ஆனால் சூட்சுமம் கடைசி வளைவில் இருக்கிறது. இறக்கை எவ்வளவு பக்கவாட்டில் நீண்டாலும், நிப்பின் கூர்முனை மட்டும் கட்டையின் நடுக்கோட்டை நீட்டினால் போய்ச் சேரும் இடத்தில் வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் விரல்களுக்கு நேரான பேனா பிடித்த உணர்வு இருக்கும். முனை விலகினால் கட்டையை உருட்டும்போதெல்லாம் எழுத்து அலையும். எழுதுபவர் பேனாவைத் தாழ்த்திப் பிடிப்பவரா, நிமிர்த்திப் பிடிப்பவரா என்பதைப் பொறுத்து இறக்கையின் சரிவும் மாறும். நிறுவையிலும் அளவுகோலிலும் அடங்காத இந்த மாற்றத்தைச் செய்வதால்தான் கைவினைஞரின் கட்டைக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். ராஜமுந்திரியின் ரத்னம், திருவள்ளூரின் ரங்கா, புனேவின் ஃபாஸ்ஃபர் என்று கையால் கடைந்த ஃபவுண்டன் பேனாக்களுக்குப் பெயர் வாங்கிய நாட்டில் இந்த வேலைக்கு வேண்டிய லேத்துக்கோ மரத்துக்கோ பஞ்சமில்லை. புனேவிலோ, பேஷ்வாக்கள் காலம் தொட்டு செம்பையும் பித்தளையையும் தட்டிப் பழகிய தாம்பட் கைவினைஞர்களின் சந்து கஸ்பா பேட்டையில் இன்னும் ஓசையோடு இருக்கிறது.

கையைக் கோணலாக்காமல் பேனாவைக் கோணலாக்குவது புனேவுக்கு மேற்கிலிருந்து வந்த பாடமும் அல்ல. மகாராஷ்டிரத்தின் பழைய பேனாவுக்கு 'போரு' என்று பெயர். நாணல் தண்டைச் சீவி, முனையைச் சாய்வாக வெட்டி, நடுவில் கீறிவிட்டால் போரு தயார். இது கூர்முனை அல்ல, பட்டை முனை. இங்கே தடிப்பும் மெலிவும் அழுத்தத்தால் வருவதில்லை. முனை எந்தத் திசையில் நகர்கிறது என்பதைப் பொறுத்து வருகின்றன. அதனால் வெட்டின் சாய்வே எழுத்தின் முகத்தைத் தீர்மானிக்கிறது. ரோமன் எழுத்தில் எந்தச் சரிவு தடிக்கிறதோ, தேவநாகரியில் அது மெலிகிறது. ஆகவே தேவநாகரிக்கு முனையை எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்ட வேண்டும். ஆங்கிலத்துக்கென்று செய்த பட்டை நிப்பை வாங்கி அப்படியே மராத்தி எழுத முயல்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இடது கைக்காரர்களுக்கென்று விற்கும் நிப்பை வாங்கித் தேவநாகரி எழுதுகிறவர்களும் உண்டு.

போரு எழுதிய இன்னொரு எழுத்து 'மோடி'. வளைப்பது, முறிப்பது என்று பொருள்படும் 'மோட்ணே' என்ற சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்பார்கள். தாளின் குறுக்கே மேற்கோட்டை முதலில் நீளமாக இழுத்துவிட்டு, அதன் கீழே கையை அதிகம் எடுக்காமல் எழுத்துகளைத் தொங்கவிட்டுக்கொண்டே போவது இதன் முறை. சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. குறில், நெடில் வேறுபாடும் முழுமையாகக் கிடையாது. அவசரமாக எழுதும் குமாஸ்தாவுக்கு இதைவிட வசதி வேறில்லை. சிவாஜியின் செயலாளர் பாலாஜி ஆவ்ஜி சிட்ணீஸின் கையெழுத்துப் பாணிக்குத் தனிப் பெயரே உண்டு. பேஷ்வாக்கள் காலத்தில் ராஜ்யத்தின் கணக்கு, வழக்கு, வரி, உளவு அனைத்தும் மோடியில்தான்.

அச்சு இயந்திரத்துக்கு இந்த வளைவுகள் ஒத்துவரவில்லை. வில்லியம் கேரி 1810-ல் வெளியிட்ட மராத்தி அகராதியில் மோடி அச்செழுத்து இருந்தது. ஆனாலும் புத்தக உலகம் 'பாலபோத்' எனப்படும் தேவநாகரிக்கே போயிற்று. 1917-ல் பம்பாய் மாகாண அரசு நிர்வாகத்திலும் மோடிக்குப் பதில் பாலபோத் என்று முடிவு செய்தது. 1950-கள் வாக்கில் அது பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் மறைந்தது. காகிதம் மறையவில்லை. புனேவின் பேஷ்வா தஃப்தரில் 'ருமால்' எனப்படும் துணி மூட்டைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வி.கா. ராஜவாடே முதலியோர் 1910-ல் தொடங்கிய பாரத இதிகாச சம்சோதக மண்டலத்திலும் மோடி ஆவணங்கள் குவிந்துள்ளன. ஜி.எஸ். சர்தேசாய் 1930-களில் தஃப்தரிலிருந்து 45 தொகுதிகள் பதிப்பித்தார். அதுவும் கடலில் ஒரு குடம்தான்.

இது சரித்திர மாணவர்களின் கவலை மட்டுமே என்று நினைத்தவர்களுக்கு 2023-ல் பதில் கிடைத்தது. மராத்தா இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின் நடுவே, மராத்தாக்களில் யார் யாருக்குக் குன்பி என்ற பழைய பதிவு இருக்கிறது என்று தேட, ஓய்வுபெற்ற நீதிபதி சந்தீப் ஷிண்டே தலைமையில் மகாராஷ்டிர அரசு ஒரு குழுவை அமைத்தது. பழைய பதிவேடுகளைத் திறந்தால் பல மோடியில் இருந்தன. திடீரென்று மாவட்ட அலுவலகங்களுக்கு மோடி வாசிப்பவர்கள் வேண்டியிருந்தது. ஒரு குடும்பத்தின் சாதிச் சான்றிதழும், பிள்ளையின் கல்லூரி இடமும், மறந்துபோன ஒரு வளைவைச் சரியாகப் படிக்கத் தெரிந்த யாரோ ஒருவரை நம்பி நின்றன. 'த'வா 'மா'வா என்ற கேள்வி 250 ஆண்டுக்குப் பிறகு அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தது.

தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டியர்களின் அரண்மனைக் கணக்குகள் மோடியில்தான் எழுதப்பட்டன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கித் தொகுதிகளாக வெளியிட்டது. சரஸ்வதி மகால் நூலகத்தில் கட்டுகள் இன்னும் இருக்கின்றன. காவிரிக் கரையின் நில, கோயில், கலை வரலாற்றில் ஒரு பகுதி, காவிரிக் கரையில் மிகச் சிலரே படிக்கக்கூடிய எழுத்தில் உறங்குகிறது.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. கையெழுத்துக் கலைஞர் அச்யுத் பாலவ் மோடியை ஆராய்ந்து அதன் வளைவுகளைத் தன் கலைக்குள் கொண்டுவந்தார். 2014-ல் யூனிகோட் மோடிக்கு இடம் தந்தது. மோடியைத் தேவநாகரிக்கு மாற்றும் செயற்கை நுண்ணறிவு முறை ஒன்றை ரூர்க்கி ஐஐடி, புனேவின் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து 2025-ல் அறிவித்தது. ஆனால் கணினிக்குப் பாடம் சொல்லித்தரவும் அது சொன்னதைச் சரிபார்க்கவும் மோடி தெரிந்த மனிதர்தான் வேண்டும். போருவைப் பிடித்து மேற்கோட்டை இழுத்து எழுதிப் பழகியவருக்கு, எந்தச் சுழி எங்கே தொடங்கி எங்கே முறிந்தது என்பது கையிலேயே தெரியும்.

காப்பர்பிளேட்டுக்கு அதிர்ஷ்டம் உண்டு. அதைப் படிக்கத் தெரியாமல் போன தலைமுறை இல்லை. கருவி மட்டுமே காணாமல் போயிருந்தது. யாரோ மறுபடியும் மரத்தைக் கடைந்து பித்தளையை வளைத்தார்கள், எழுத்து திரும்பி வந்தது. மோடியின் கதை தலைகீழ். கருவி எங்கும் போகவில்லை. ஆற்றங்கரை நாணலும் ஒரு பேனாக்கத்தியும் போதும், பத்து நிமிடத்தில் போரு தயாராகிவிடும். அது எழுதிவைத்ததைப் படிக்கும் ஆளைத் தயாராக்கத்தான் ஆண்டுக்கணக்கில் ஆகும்.