'ஃபார்மட் அடிச்சிடு மச்சான்!' - கொஞ்சம் பொறுங்க பாஸ்!

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு ரெண்டே நாள் இருக்கும்போதுதான் கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லாமப் போகும். இது எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் பொதுவான விதி! உடனே ஆளாளுக்கு டாக்டராகி, 'ஃபார்மட் அடிச்சிடு மச்சான்' என்பார்கள். அதுக்கு மட்டும் அவசரப்பட்டுத் தலையாட்டாதீங்க. முதலில் நோய் என்னன்னு பார்ப்போம்.

பவரே வரலையா?

சுவிட்ச், வயர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூணையும் மாத்திப் பாருங்க. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து, மறுபடி சார்ஜரை மாட்டி ஆன் பண்ணுங்க. டெஸ்க்டாப்பில் ஃபேன்கூட சுத்தலைன்னா எஸ்.எம்.பி.எஸ். மேல் சந்தேகப்படலாம். ஆனா, அதைத் திறக்கிற வீரம் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் ஷாக் அடிக்கிற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

பீப்... பீப்... பீப்..!

டெஸ்க்டாப் விடாமல் கத்தினால் பெரும்பாலும் ரேம் பிரச்னை. பிளக்கைப் பிடுங்கிட்டு, ரேமைக் கழற்றி, தங்க நிறப் பல் வரிசையை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு 'டிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்க. பத்து ரூபாய் ரப்பரே வேலையை முடிச்சிடலாம்!

தேதி அடிக்கடி பின்னாடி ஓடுதா?

மதர்போர்டில் ஒட்டியிருக்கிற சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தப்பானா வெப்சைட்டுகளும் 'பாதுகாப்பில்லை'னு கதவைச் சாத்தும். வைரஸ்னு பயப்பட வேண்டாம்.

பத்து நிமிஷத்தில் தானா அணையுதா?

சூடு! ஃபேனில் தூசி அடைச்சிருக்கும், இல்லைன்னா ப்ராசஸர் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும். மெத்தை மேல் லேப்டாப்பை வைத்துப் படம் பார்க்கிறவங்க கவனிக்க!

டொக்... டொக்...

இதுதான் டேஞ்சர். ஹார்ட் டிஸ்க் சாகப்போகிற சத்தம். உடனே ஆஃப் பண்ணுங்க. ஓட ஓட உள்ளே இருப்பது அழியும். எஸ்.எஸ்.டி. என்றால் இந்தச் சத்தம்கூட வராது, சொல்லாமலே போய்விடும்.

எங்க ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர் இப்படி டொக் டொக் டிஸ்க்கோடு ஒரு கடைக்குப் போனார். கேள்வியே கேட்காமல் ஃபார்மட் அடித்து, புது விண்டோஸ் போட்டுக் கொடுத்துட்டாங்க. மெஷின் பளபளன்னு வந்தது. ஆறு மாத ப்ராஜெக்ட் வரலை. பழைய ஃபைல் இருந்த இடத்தில் புதுசு எழுதிட்டா மீட்பது ரொம்பக் கஷ்டம். அதனால கடையில் முதல் வார்த்தையே, 'அண்ணா, டேட்டாதான் முக்கியம். கேட்காம ஃபார்மட் பண்ணாதீங்க' என்பதா இருக்கட்டும். அதை ஜாப் ஷீட்டிலும் எழுதி வாங்குங்க.

கடைக்குப் போறீங்களா?

* வாரன்டி இருக்கான்னு பாருங்க. இருந்தா ஸ்க்ரூவையே தொடாதீங்க, நேரா கம்பெனி சர்வீஸ் சென்டர்தான்.
* ரேம், டிஸ்க் சீரியல் நம்பரை போட்டோ எடுத்து வைங்க.
* மெயில், பேங்க் எல்லாத்திலும் லாக் அவுட் பண்ணுங்க. பர்சனல் போட்டோக்களை வேறு இடத்துக்கு மாத்துங்க.
* ரிச்சி ஸ்ட்ரீட்டே ஆனாலும் ரெண்டு கடையில் விலை கேளுங்க. மாத்தின பழைய பார்ட்டையும் பில்லையும் கேட்டு வாங்குங்க.
* 'வைரஸ் வந்துடுச்சு, இந்த நம்பருக்குக் கூப்பிடு'னு ஸ்கிரீனில் வந்தா அது மோசடி. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கையில் போன் நம்பர் போடுவதே இல்லை. முகம் தெரியாத ஆளுக்கு ரிமோட் கன்ட்ரோல் கொடுத்தா பேங்க் பேலன்ஸும் போயிடும்.

இன்னொண்ணு... விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிஞ்சாச்சு. பழைய மெஷினில் 11 ஏறாவிட்டால், தூக்கிப் போடாமல் லினக்ஸ் போட்டுப் பாருங்க.

எல்லாம் சரி, உங்க ப்ராஜெக்ட் இப்போ எத்தனை இடத்தில் இருக்கு? 'ஒண்ணு'ன்னா, பக்கத்தைத் திருப்பும் முன்னாடி ஒரு பென் டிரைவைத் தேடுங்க பாஸ்!