கல்லாய்ச் சமைந்த காடும் காணாமற்போன கடலும்

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் மோகாவோன் கலான் என்றொரு கிராமம். அங்கிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைக் காணப் பல நூறு கிலோமீட்டர் போக வேண்டும். அந்த ஊர்ப் பாறையில்தான் நைப்பா என்னும் பனையின் காய் கல்லாகிக் கிடைத்தது. நைப்பா, ஓதநீர் ஏறி இறங்கும் கழிமுகச் சேற்றில் வளர்வது. சுந்தரவனத்தில் இன்றும் உண்டு. வங்காளிகள் அதைக் 'கோல்பாதா' என்பார்கள். அதன் ஓலையால் கூரை வேய்வார்கள். அப்படியானால் நாட்டின் நடுவயிற்றில் கடல் இருந்ததா?

சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அலையலையாக ஓடியது. ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் ஏரிகள் நிரம்பின, காடுகள் தழைத்தன. மணற்சத்தான சிலிக்கா கரைந்த நீர், புதைந்த மரங்களின் செல்களுக்குள் ஊறி உறைந்தது. அதனால்தான் கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், அது என்ன மரம் என்றே சொல்லிவிடலாம்.

விலங்கு வெயிலுக்கும் மழைக்கும் இடம் மாறும். வேரூன்றிய மரம் எங்கே போகும்? அதனால் அது பருவநிலைக்கு நல்ல சாட்சி. கோடையும் குளிரும் மாறி மாறி வாட்டும் இடத்து மரத்தில் ஆண்டு வளையங்கள் தெளிவாக இருக்கும். ஆண்டு முழுதும் வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் அவை மங்கிவிடும். இந்தத் தக்காணக் கல்மரங்களில் பெரும்பாலும் வளையம் தெளிவில்லை. டிண்டோரி மாவட்டத்தில் 1983இல் தேசியப் பூங்காவான குகுவாவில் பனை இனக் கல்மரங்கள் கிடக்கின்றன. இன்று வறண்ட காடுள்ள அந்தப் பக்கத்தில் அன்று நல்ல மழை!

ஆனால் சாட்சி சொன்னதை அப்படியே நம்பிவிடக் கூடாது. நம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரைப் பாருங்கள். அங்கே 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடப்பது பழைய கடற்படிவத்தில். அதற்காக மரம் கடலுக்குள்ளா வளர்ந்தது? கரையில் வளர்ந்து, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுப் புதைந்தது. நைப்பாக் காயும் மிதக்கக்கூடியதுதானே! மேலும், சிந்த்வாராப் பாறைகளிலேயே நன்னீரில் மிதக்கும் அசோலாவும் கிடைத்திருக்கிறது. ஏரியா, கழிமுகமா என்ற வழக்கு இப்படித்தான் நீண்டது.

துணைச்சாட்சி பின்னால் வந்தது. அதே மாவட்டத்து ஜில்மிலியில், கடல்நீரில் மிதந்து வாழும் ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகள் கிடைத்ததாக 2009இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். கடலின் ஒரு கை அங்கே எட்டியது என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது. அது நர்மதைப் பள்ளத்தாக்கு வழியே வந்ததா, கோதாவரி வழியே வந்ததா என்பதில் இன்னும் வாதம் உண்டு.

இத்துறைக்கு இந்தியாவில் வழி வகுத்தவர் பீர்பல் சாஹ்னி. லக்னோவில் அவர் நிறுவிய ஆய்வகத்துக்கு 1949 ஏப்ரல் 3 அன்று நேரு நாட்டிய அடிக்கல்லிலேயே புதைபடிவங்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஒரே வாரத்தில் சாஹ்னி மறைந்தார்.

ஜபல்பூர்ப் பக்கம் போகிறவர்கள் குகுவாவை அவசியம் பாருங்கள். ஆனால் அழகாயிருக்கிறதே என்று ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த ஊரில், எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்பதில்தான் அதன் பேச்சே இருக்கிறது. இடம் பெயர்ந்த கல்மரம் வீட்டு அலமாரியில் அலங்காரமாக நிற்கும். கடலைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லாது.