பனிக்கட்டி முளைக்கும் கணம்

கண்டக்குழிக் கரையோர நேயர்கள் புத்தளத்து உப்பளங்களை அறிவர். நீர் மெல்ல வற்றினால் உப்புப் பளிங்கு பெரிதாகும். விரைந்து வற்றினால் சிறுக்கும். மருந்தை உறையவைத்து உலர்த்துவதிலும் இத்தகைய நியதி உண்டு.

இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வரும் பாம்பு நஞ்சுமுறி மருந்து தூளாயிருப்பது இம்முறையினாலேயாம். கரைசலை உறையவைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை உருகவிடாது நேரே ஆவியாக்குவர். பனிப்பளிங்கு இருந்த இடம் நுண்துளையாகும். துளை பெரிதாயின் ஆவி எளிதில் வெளியேறும். சிறிதாயின் உலர்தல் தாமதிக்கும். ஈரம் எஞ்சினால் மருந்து கெடும்.

ஆனால், தூய கரைசல் உறைநிலையை எட்டியவுடன் உறைவதில்லை. ஒரு குப்பி பூச்சியத்திற்குக் கீழ் 5 பாகையிலும், பிறிதொன்று 15 பாகையிலும் உறையக்கூடும். பளிங்குகளும் வேறுபடும். இதனைத் தவிர்க்க, உலர்த்தும் அறையில் அழுத்திவைத்த வாயுவைத் திடீரென விடுவித்து, எல்லாக் குப்பிகளிலும் ஒருங்கே பனியை முளைக்கச் செய்யலாம்.

கடியுண்டவருக்குக் கிட்டும் குப்பி எதுவாயினும், வீரியம் ஒன்றாயிருத்தல் வேண்டுமன்றோ?